மல்ஹாலண்டின் இரு கணக்குகள்

ஹாலிவுட் திரைப்படங்களை ஓரளவு பார்த்தவர்களுக்கு மல்ஹாலண்ட் டிரைவ் என்ற பெயர் பழக்கமாக இருக்கும். லாஸ் ஏஞ்சலீஸ் நகருக்கு மேலே, குன்றுகளின் முகட்டில் வளைந்து வளைந்து செல்லும் சாலை அது. அந்தப் பெயருக்கு உரியவர் நடிகரோ தயாரிப்பாளரோ அல்லர். அந்நகரின் குடிநீர்ப் பணியில் ஐம்பது ஆண்டுகள் உழைத்த ஒரு பொறியாளர். பொறியியல் கல்லூரியின் வாசலை மிதிக்காதவர். வறண்ட நிலத்தில் ஒரு பெருநகரை எழுப்பிய பெருமையும், கலிபோர்னியா கண்ட மிகக் கொடிய விபத்துகளில் ஒன்றின் பழியும் அந்த ஒருவர் பெயரிலேயே எழுதப்பட்டுள்ளன.

வகுப்பறையில் பேரம், சொத்துரிமை, புறவிளைவுகள் ஆகியவற்றைக் கற்பித்த ஆண்டுகளில் வில்லியம் மல்ஹாலண்டின் வாழ்க்கையை நான் அடிக்கடி எடுத்துக்காட்டாகக் கூறியதுண்டு. கால்வாய்க்காகவும் அணைக்காகவுமே அவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அவர் செய்தவற்றுள் மிகச் சிறந்தது வேறொன்று என்பது என் கருத்து. வரலாற்று நூல்களில் அதற்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் ஓரிரு வரிகளே. அதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

1855 செப்டம்பர் 11-இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பிறந்து டப்ளினில் வளர்ந்தவர் மல்ஹாலண்ட். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பதினைந்து வயது நிறையும் முன்பே வீட்டைவிட்டு வெளியேறிக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகள் கடலில் கழிந்தன. 1874-இல் நியூயார்க்கில் இறங்கியவர், மிச்சிகன் காடுகளில் மரம் வெட்டினார். பிட்ஸ்பர்க்கில் உறவினரின் துணிக்கடையில் வேலை பார்த்தார். அங்கிருந்து மேற்குக் கரைக்குச் செல்லும் வழியில், ரயில் கட்டணத்துக்குப் பணமில்லாமல் பனாமா நிலச்சந்தியை நடந்தே கடந்ததாகச் சொல்வார்கள். 1877-இல் லாஸ் ஏஞ்சலீஸை அடைந்தபோது அது ஏறத்தாழ 9,000 பேர் வாழ்ந்த சிற்றூர்.

அங்கே ஆண்டுக்குப் பெய்யும் மழை சராசரியாக 375 மி.மீ. மட்டுமே, சென்னையில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் குளிர்காலத்தில் சில வாரங்களில் பெய்து முடிந்துவிடும். ஸ்பானியர்கள் 1781-இல் அந்த ஊரை அமைத்தபோதே ஆற்றிலிருந்து வாய்க்கால்களை வெட்டி நீர் கொண்டுவந்தனர். அந்த வாய்க்கால்களைத் தூர்வாரி, மடைகளைக் கவனித்து, முறைப்படி நீர் திறந்துவிடும் வேலை 1878-இல் மல்ஹாலண்டுக்குக் கிடைத்தது. நம் ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டி செய்த வேலைதான். நகருக்கு நீர் வழங்கும் உரிமையை அப்போது ஒரு தனியார் நிறுவனம் குத்தகைக்கு எடுத்திருந்தது. அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் ஃபிரெட் ஈட்டன். உள்ளூரில் பிறந்த செல்வாக்கான குடும்பத்தவர். மல்ஹாலண்டை ஒத்த வயதினர். இந்த இருவரின் நட்பும் பின்னர் நேர்ந்த பகையும் இக்கதையின் முதுகெலும்பு.

பகலில் மண்வெட்டி, இரவில் புத்தகம் என்று வாழ்ந்தார் மல்ஹாலண்ட். நீரியல், வடிவியல், நிலவியல் எல்லாம் தானாகவே படித்தவை. 1886-இல் ஈட்டனின் இடத்துக்கு அவரே கண்காணிப்பாளர் ஆனார். குத்தகை முடிந்து 1902-இல் நகராட்சி அந்த நிறுவனத்தை 20 லட்சம் டாலருக்கு வாங்கியபோது, பூமிக்கடியில் எந்தக் குழாய் எங்கே செல்கிறது என்பதற்கு முறையான வரைபடம் இல்லை. அத்தனையும் மல்ஹாலண்டின் மனத்தில் இருந்தது. அவர் நினைவிலிருந்து வரைந்து காட்டியதைத் தோண்டிச் சரிபார்த்ததாகக் கூறுவர். சொத்துடன் சேர்த்து அவரையும் வாங்கியதாக நகரத்தார் வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்களாம். நிறுவனத்தின் அறிவு ஒரு தனிமனிதனின் தலைக்குள் மட்டும் இருப்பது வியப்பதற்கு உரியதா, அஞ்சுவதற்கு உரியதா என்று அன்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பொறுப்பேற்றதும் அவர் கண்டது விசித்திரமான நிலை. வறண்ட ஊர்; ஆனால் மக்கள் வாரியிறைத்தார்கள். நாளொன்றுக்கு ஒருவருக்குச் சுமார் 300 கேலன், அதாவது 1,100 லிட்டருக்கும் மேல் செலவாகிக்கொண்டிருந்தது. எவ்வளவு செலவழித்தாலும் ஒரே கட்டணம் என்றால் குழாயை மூட யாருக்கு மனம் வரும்? மல்ஹாலண்ட் மீட்டர்களைப் பொருத்தத் தொடங்கினார். எதிர்ப்பு எழாமல் இல்லை. ஆயினும் ஓரிரு ஆண்டுகளில் தனிநபர் செலவு ஏறத்தாழ 200 கேலனாக, மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

இதன் பொருளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஓர் அணைகூடக் கட்டாமல், ஓர் ஊரின் நீரையும் எடுக்காமல், முன்பு இரண்டு லட்சம் பேருக்குப் போதுமாக இருந்த அளவைக் கொண்டு மூன்று லட்சம் பேருக்கு நீர் வழங்கும் வழியை அவர் திறந்துவிட்டார். புதிதாக நீர் கண்டுபிடிக்கப்படவில்லை. வீணாகிக்கொண்டிருந்தது கணக்கில் வந்தது, அவ்வளவே. நீரின் விலை நீரைப் பயன்படுத்துபவரின் கண்ணில் பட்டால் நடத்தை மாறும் என்ற எளிய உண்மையைப் பொருளாதார வல்லுநர்கள் ஆய்வேடுகளில் எழுதுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அவர் செய்து காட்டினார். மல்ஹாலண்டின் முதல் கணக்கு என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் நகரம் வளர்ந்த வேகத்தில் இந்தச் சேமிப்பு கரைந்துவிடும் என்று அவர் கருதினார். 1900-இல் 1,02,000 ஆக இருந்த மக்கள்தொகை 1910-இல் 3,19,000 ஆனது. அவர் அஞ்சியதில் நியாயம் உண்டு. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மக்கள் வருவதால் நீர் வேண்டும் என்பது ஒரு பக்கம். நீர் வரும் என்ற உறுதி கிடைத்ததால் மக்கள் வந்தார்கள் என்பது மறுபக்கம். ரியல் எஸ்டேட் முதலாளிகள் இரண்டாவதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

நகருக்கு வடக்கே ஏறத்தாழ 400 கி.மீ. தொலைவில், சியெரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு இருக்கிறது. பனி உருகி ஓடும் ஆறு ஒன்று அங்கே ஓர் உப்பு ஏரியில் சென்று முடிந்தது. அந்த ஆற்றை லாஸ் ஏஞ்சலீஸுக்குத் திருப்பலாம் என்ற எண்ணம் முதலில் ஈட்டனுக்குத்தான் தோன்றியது. அவர் 1898 முதல் 1900 வரை நகரின் மேயராகவும் இருந்தவர். 1904-இல் நண்பர்கள் இருவரும் குதிரை வண்டியில் அங்கே சென்று பார்த்தனர். பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் இருப்பதால், வழியில் ஓர் இடத்திலும் பம்பு வைக்காமல் நீர் தானாகவே நகரத்துக்கு ஓடிவரும் என்பதை மல்ஹாலண்ட் கண்டுகொண்டார்.

அந்த நீருக்கு ஏற்கெனவே வேறொரு திட்டமும் இருந்தது. கூட்டாட்சி அரசின் நீர்ப்பாசனத் துறை பள்ளத்தாக்கு விவசாயிகளுக்காக ஒரு பாசனத் திட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தது. அத்துறையின் கலிபோர்னியாப் பொறுப்பாளர் ஜோசப் லிப்பின்காட், அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரிடமும் ஆலோசனைக் கட்டணம் பெற்றார். பின்னர் கால்வாய்ப் பணியிலேயே மல்ஹாலண்டுக்கு உதவியாளராகச் சேர்ந்துவிட்டார். ஈட்டன் ஊர் ஊராகச் சென்று நிலங்களையும் நீருரிமைகளையும் விலைபேசினார். அவர் அரசுத் திட்டத்துக்காகவே வாங்குகிறார் என்று பலர் நம்பினர். 1905 ஜூலை 29-இல் லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் நாளேடு செய்தியை வெளியிட்டபோதுதான் பள்ளத்தாக்கு மக்களுக்கு உண்மை புரிந்தது. கட்டாயமாக எதையும் பறிக்கவில்லை, விலை கொடுத்தே வாங்கினோம் என்பது நகரத்தின் வாதம். சட்டப்படி அது சரி. வாங்குபவர் யார், எதற்காக வாங்குகிறார் என்பதை மறைத்துப் பேசிய விலையைச் சந்தை விலை என்று அழைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

நிலம் விற்ற அந்த விவசாயிகளும் ஆதிக் குடிகள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்தவர்கள் பையூட் பழங்குடிகள். 1863-இல் ராணுவம் அவர்களை அங்கிருந்து விரட்டியது. நகரம் நீரை எடுத்துச் சென்ற கதையைப் பேசுகிற நூல்கள் பலவும் அதற்கு முந்தைய இந்த இழப்பை ஓரிரு வாக்கியங்களோடு கடந்துவிடுகின்றன.

1905-இல் 15 லட்சம் டாலருக்கும், 1907-இல் 2 கோடியே 30 லட்சம் டாலருக்கும் கடன் பத்திரங்கள் வெளியிட நகர மக்கள் பெருவாரியாக வாக்களித்தனர். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் நகரின் பக்கம் நின்றார். 1908 முதல் 1913 வரை நடந்த கட்டுமானம் உண்மையிலேயே வியப்புக்குரியது. 233 மைல் நீளக் கால்வாய். பாலைவனத்தின் நடுவே சாலை, ரயில் பாதை, மின்சாரம், சிமென்ட் ஆலை எல்லாவற்றையும் நகராட்சியே அமைத்துக்கொண்டது. அன்றைய புதுமையான டிராக்டர்கள் மணலிலும் வெப்பத்திலும் பழுதாகவே, எஃகுக் குழாய்களை இழுக்க மீண்டும் கோவேறு கழுதைகள் வந்தன. எலிசபெத் சுரங்கம் மட்டுமே 5 மைல் நீளம். நிர்ணயித்த அளவுக்கு மேல் தோண்டும் ஒவ்வோர் அடிக்கும் தொழிலாளர்களுக்கு ஊக்கத்தொகை என்று ஏற்பாடு செய்தார் மல்ஹாலண்ட். குறித்த காலத்துக்கு முன்பே 1911-இல் சுரங்கத்தின் இரு முனைகளும் சந்தித்தன. மீட்டர் வைத்தவரின் மூளை இங்கேயும் தெரிகிறது. பணி முழுவதும் மதிப்பீட்டுக்குள் முடிந்தது. அதைச் சொல்லும்போது, அந்த ஐந்தாண்டுகளில் 43 தொழிலாளர்கள் இறந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1913 நவம்பர் 5-இல் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கின் வடகோடியில் மதகுகள் திறக்கப்பட்டன. பல்லாயிரம் பேர் திரண்டிருந்தனர். பலர் கையில் குவளைகளுடன் வந்திருந்தனர். மல்ஹாலண்ட் ஐந்தே சொற்களில் நீரைச் சுட்டிக்காட்டி எடுத்துக்கொள்ளச் சொல்லித் தம் உரையை முடித்தார். அடுத்த ஆண்டு கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. மேயர் பதவிக்குப் போட்டியிடச் சொன்னார்கள்; மறுத்துவிட்டார்.

நீர் எங்கே சென்றது என்பது அடுத்த கேள்வி. அன்றைய நகரத்துக்குத் தேவையானதைவிட மிக அதிகமாகவே அது வந்தது. மிகுந்த நீர் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாய்ந்தது. அங்கே டைம்ஸ் நாளேட்டின் அதிபர் ஹாரிசன் கிரே ஓட்டிஸ், அவர் மருமகன் ஹாரி சாண்ட்லர், ரயில் முதலாளி ஹென்றி ஹன்டிங்டன் முதலானோர் அடங்கிய கூட்டுக்குழுக்கள் முன்கூட்டியே மலிவாக நிலம் வாங்கி வைத்திருந்தன. நகர எல்லைக்கு வெளியே நிரந்தரமாக நீர் தர இயலாது என்பதால், 1915-இல் அந்தப் பள்ளத்தாக்கே நகரத்துடன் இணைக்கப்பட்டது. நகரின் பரப்பு இரு மடங்குக்கும் மேலானது. 1912-இல் நடந்த விசாரணையில் மல்ஹாலண்ட் மீது ஊழல் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. பணத்தாசை அவரை ஆட்டிவைத்ததாக நானும் நினைக்கவில்லை. தாம் கொண்டுவந்த நீரால் எவர் செல்வந்தர் ஆகிறார் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை என்பதே என் குறை. 1974-இல் வெளிவந்த சைனாடவுன் திரைப்படம் இந்த வரலாற்றைச் சதிக்கதையாக மாற்றி உலகெங்கும் பரப்பியது. உண்மை அந்தப் படத்தைவிடச் சாதாரணமானது. பெரும்பாலானவை நகர மக்களின் வாக்குகளுடன் வெளிப்படையாகவே நடந்தன.

1920-களின் தொடக்கத்தில் வறட்சி வந்தது. மக்கள்தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. நகரம் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் மேலும் மேலும் நிலங்களை வாங்கியது. நிலத்தடி நீரையும் இறைத்தது. தெருவில் ஒருவர் விற்றால் பக்கத்து நிலத்தவருக்கு வாய்க்கால் பராமரிப்பே பாரமாகிவிடும். அவரும் விற்றாக வேண்டும். விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து விலை கேட்டனர். பேரம் முறிந்த இடத்தில் வெடிமருந்து பேசியது. 1924 மே 21-இல் கால்வாய் முதல் முறையாகத் தகர்க்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 16-இல் உள்ளூர் வங்கியாளர் மார்க் வாட்டர்சன் தலைமையில் சென்றவர்கள் அலபாமா மதகுகளைக் கைப்பற்றி, கால்வாய் நீரைத் திறந்துவிட்டு வெளியேற்றினர். நான்கு நாள் அங்கே திருவிழாக் கூட்டம். பெண்கள் சமைத்தார்கள், அருகே படப்பிடிப்பில் இருந்த நடிகர் டாம் மிக்ஸ் தம் இசைக்குழுவையே அனுப்பி வைத்தார். 1927-இல் வாட்டர்சன் சகோதரர்களின் வங்கிகள் திவாலாகி, கையாடல் குற்றத்துக்காக அவர்கள் சிறை சென்றதும் எதிர்ப்பு ஓய்ந்தது. பள்ளத்தாக்கினரின் சேமிப்பும் அந்த வங்கிகளுடன் போயிற்று.

நிலம் விற்ற விவசாயிகள் ஏமாற்றப்பட்டார்களா என்பதைப் பொருளாதார அறிஞர் கேரி லிபெகாப் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். விவசாயத்தில் நிலைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிடக் கூடுதலாகவே அவர்களில் பெரும்பாலோர் பெற்றனர் என்பது அவர் முடிவு; ஆனால் நீரால் விளைந்த செல்வத்தின் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலீஸ் நில உரிமையாளர்களுக்கே சென்றது என்பதும் அவர் முடிவுதான். நான் இரண்டையும் ஏற்கிறேன். ஆயினும் விற்பதற்கு நிலமே இல்லாதவர்களை இந்தக் கணக்கு எங்கே வைக்கும்? கூலியாள், கடைக்காரர், கொல்லர், பள்ளி ஆசிரியை ஆகியோருக்கு நீருரிமைப் பத்திரம் கிடையாது. ஊர் காலியானபோது அவர்கள் வாழ்வும் காலியானது. இழப்பீடு கேட்டு அவர்கள் போராடினர். நகரம் இழுத்தடித்தது. 1930-களின் தொடக்கத்தில் அந்தப் பள்ளத்தாக்கின் விளைநிலங்களில் 95 சதவீதம் நகரத்துக்குச் சொந்தமாகியிருந்தது.

மல்ஹாலண்டின் இரண்டாவது கணக்கு இங்குதான் தொடங்குகிறது. அதன் மையத்தில் பழைய நண்பர் ஈட்டன் இருக்கிறார். பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் லாங் வேலி என்ற பரந்த சமவெளி ஒன்று உண்டு. பெரிய நீர்த்தேக்கம் அமைக்க இயற்கையே வகுத்துத் தந்த இடம். 1905-இலேயே ஈட்டன் அதைத் தம் பெயரில் வாங்கிக்கொண்டார். 100 அடி உயரம் வரை அணை கட்டும் உரிமையை மட்டும் நகரத்துக்குத் தந்தார். அதைவிட உயரமாகக் கட்டினால்தான் வறட்சியாண்டுகளைத் தாங்கும் அளவுக்கு நீரைத் தேக்க முடியும். அதற்கு ஈட்டன் கேட்டது 10 லட்சம் டாலர். மல்ஹாலண்ட் மறுத்தார். ஊரார் பணத்தை நண்பனுக்குக் கொள்ளை கொடுப்பதா என்ற நேர்மைச் சீற்றமும், தன்மானமும் அதில் கலந்திருந்தன. இருவரும் பேசிக்கொள்வதையே நிறுத்திக்கொண்டனர்.

ஒரே ஒரு விற்பவர், ஒரே ஒரு வாங்குபவர். இத்தகைய பேரத்தில் நியாய விலை என்று ஒன்று இல்லை. பேரம் முறிந்தால் நேரும் இழப்பு என்ன என்பதே இருவரும் போட வேண்டிய கணக்கு. லாங் வேலியில் தேக்கம் இருந்திருந்தால் வறட்சியாண்டுகளில் பள்ளத்தாக்கின் நிலத்தடி நீரை இறைக்க வேண்டிய கட்டாயமும், வயல்களை அவசரமாக வாங்க வேண்டிய கட்டாயமும் பெருமளவு குறைந்திருக்கும். 2 கோடி டாலருக்கு மேல் செலவழித்துக் கால்வாய் வெட்டிய நகரத்துக்கு 10 லட்சம் பெருந்தொகை அன்று. வீட்டுக் குழாயில் ஒழுகும் நீருக்கு விலை கண்டுபிடித்த மனிதர், தாம் மறுத்த ஒரு பேரத்தின் விலையைக் கணக்கிடவே இல்லை.

நீரைத் தேக்க அவர் மாற்றிடம் தேடினார். நகருக்கு வடக்கே ஏறத்தாழ 65 கி.மீ. தொலைவில் சான் பிரான்சிஸ்கீட்டோ என்ற மலையிடுக்கைத் தேர்ந்தெடுத்தார். வெடிவைப்பு நடக்கும் பள்ளத்தாக்கிலிருந்து அது விலகியிருந்தது, நகருக்கும் அருகில். 1924-இல் செயின்ட் பிரான்சிஸ் அணையின் கான்கிரீட் எழத் தொடங்கியது. கட்டிக்கொண்டிருக்கும்போதே இருமுறை, ஒவ்வொரு முறையும் 10 அடி என, உயரத்தைக் கூட்டினார். அடித்தளம் அதற்கேற்ப அகலப்படுத்தப்படவில்லை. கிழக்குக் கரையில் தாள் தாளாக உரியும் படிவப் பாறை. அது பழங்காலத்தில் சரிந்த ஒரு மலையின் பகுதி என்பது பல பத்தாண்டுகளுக்குப் பிறகே தெரியவந்தது. மேற்குக் கரையிலோ நீரில் ஊறினால் இளகிவிடும் செந்நிறப் பாறை. வெளியார் எவரும் வரைபடத்தைப் பரிசீலிக்கவில்லை. நகராட்சிகள் கட்டும் அணைகளுக்கு மாநில அரசின் மேற்பார்வையிலிருந்து அன்றைய சட்டம் விலக்கு அளித்திருந்தது. தலைமைப் பொறியாளரின் சொல்லே இறுதிச் சொல். அவர் அதற்கு முன் தவறியதில்லை என்பதே அதற்குப் போதுமான காரணமாகக் கருதப்பட்டது.

1928 மார்ச் தொடக்கத்தில் நீர்த்தேக்கம் முதன்முறையாக முழுமையாக நிரம்பியது. மார்ச் 12 காலை அணைக் காவலர் புதிதாக ஒரு கசிவைக் கண்டு அதில் சேறு கலந்திருப்பதாக அஞ்சித் தகவல் அனுப்பினார். மல்ஹாலண்ட் தம் உதவியாளருடன் உடனே வந்தார். சுற்றிப் பார்த்தார். வெளிவரும் நீர் தெளிவாகவே இருக்கிறது, கரையில் போட்ட சாலையின் மண்ணில் கலந்த பிறகே கலங்குகிறது என்று முடிவு செய்தார். கான்கிரீட் அணைகளில் கசிவு இயல்பானதுதான். ஆபத்தில்லை என்று கூறிவிட்டு நகரம் திரும்பினார்.

அன்று நள்ளிரவுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அணை உடைந்தது. ஒன்றரை டி.எம்.சி.க்கும் மேற்பட்ட நீர் இருளில் இடுக்கு வழியே பாய்ந்தது. அணைக் காவலரும் அவர் குடும்பமும் முதலில் மாண்டனர். கீழே ஆற்றோரம் கூடாரமிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த மின் நிறுவனத் தொழிலாளர்களில் 84 பேர் இறந்தனர். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகளையும் அவற்றில் வேலை செய்த மெக்சிகோ நாட்டுக் கூலிக் குடும்பங்களையும் வெள்ளம் வாரிக்கொண்டது. 54 மைல் ஓடி விடியற்காலை 5.30 மணியளவில் பசிபிக் பெருங்கடலை அடைந்தது. இறந்தோர் 400-க்கும் மேல். பெயர்ப் பதிவே இல்லாத புலம்பெயர் தொழிலாளர்கள் பலர் இருந்ததால் சரியான எண்ணிக்கை என்று ஒன்று இன்றுவரை இல்லை.

விசாரணையில் மல்ஹாலண்ட் நடந்துகொண்ட விதம் அவர் வாழ்வின் இரண்டாவது உயர்ந்த செயல் என்பேன். அப்போது அவருக்கு 72 வயது. உதவியாளர்கள் மீதோ, வெடிவைப்பவர்கள் மீதோ பழிபோட எளிதான வாய்ப்பு இருந்தது. பள்ளத்தாக்கினரின் சதி என்ற பேச்சும் ஊரில் பலமாக உலவியது. மனிதத் தவறு நேர்ந்திருந்தால் அந்த மனிதன் தாமே என்றார் அவர். இறந்தவர்களைக் கண்டு பொறாமைப்படுவதாகவும் கூறினார். அவர் மீது குற்ற வழக்குத் தேவையில்லை என்று நடுவர் குழு முடிவு செய்தது. பெரிய அணையின் கட்டுமானத்தையும் இயக்கத்தையும், எவ்வளவு பெரிய நிபுணராயினும், தனியொருவரின் தீர்ப்புக்கு மட்டும் விடக்கூடாது என்பது அக்குழுவின் பரிந்துரை. அடுத்த ஆண்டே கலிபோர்னியா அணைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. நகராட்சி அணைகளுக்கு இருந்த விலக்கு போயிற்று.

ஹாலிவுட் குன்றுகளில் அதே வடிவமைப்பில் அவர் கட்டிய மற்றோர் அணை இன்றும் அவர் பெயரிலேயே நிற்கிறது. 1930-களில் அதன் முகத்தில் மண்ணைக் கொட்டி அணைகொடுத்து, மரங்களை நட்டு, கீழே குடியிருப்போரின் கண்ணில் கான்கிரீட் படாதபடி மறைத்தார்கள். நீர்மட்டமும் குறைத்தே வைக்கப்பட்டது.

மல்ஹாலண்ட் பதவி விலகினார். கொலராடோ ஆற்றிலிருந்து நீர் கொண்டுவரும் அடுத்த பெருந்திட்டத்துக்கு 1923-இலேயே ஆய்வு தொடங்கிவைத்தவர் அவர். அந்த நீர் நகரை அடைந்ததைப் பார்க்க அவர் இல்லை. மனைவி முன்பே இறந்திருந்தார். பிள்ளைகளிடையே ஒதுங்கி வாழ்ந்த அவர் 1935 ஜூலை 22-இல் காலமானார். வங்கிகளின் வீழ்ச்சியில் லாங் வேலி நிலத்தையும் இழந்த ஈட்டன் அதற்கு முந்தைய ஆண்டு மறைந்திருந்தார். கேட்ட 10 லட்சம் அவருக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை.

ஓவன்ஸ் ஏரி 1920-களிலேயே முழுவதும் வற்றிப் போனது. வறண்ட ஏரிப் படுகையிலிருந்து எழுந்த உப்புப் புழுதி, ஒரே இடத்திலிருந்து எழும் நுண்துகள் மாசில் அமெரிக்காவிலேயே மிகப் பெரியதாகப் பல ஆண்டுகள் இருந்தது. நீதிமன்றங்களும் ஒழுங்காற்று அமைப்புகளும் நெருக்கவே, அந்தப் புழுதியை அடக்க லாஸ் ஏஞ்சலீஸ் இதுவரை 200 கோடி டாலருக்கும் மேல் செலவழித்திருக்கிறது. அதற்காக நீரையும் அங்கேயே திருப்பி விடுகிறது. 2006-இல் ஓவன்ஸ் ஆற்றின் கீழ்ப்பகுதியில் மீண்டும் நீர் ஓடவிடப்பட்டது. நகரத்திலோ, 1970-களில் இருந்ததைவிடப் பத்து லட்சம் பேர் அதிகமாக வாழும் இன்று மொத்த நீர்ச் செலவு அன்றைய அளவைவிடக் குறைவு. சிக்கனக் கழிவறைகள், அடுக்குக் கட்டணம், புல்வெளியை அகற்ற மானியம் ஆகியவற்றால் வந்த குறைவு அது. 1902-இல் மீட்டரோடு தொடங்கிய வழிதான்.

லாங் வேலியில் அணை 1941-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஈட்டன் வைத்திருந்த அதே இடம். செயின்ட் பிரான்சிஸ் தேக்கத்தைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு நீர் அதில் கொள்ளும். அந்த நீர்த்தேக்கத்துக்கு மல்ஹாலண்டின் பெயரையும் வைக்கவில்லை, ஈட்டனின் பெயரையும் வைக்கவில்லை. நீரை இழந்து நொடித்துப்போன பள்ளத்தாக்கு மக்களுக்கு மாற்றுப் பிழைப்பு தேடி நகரத்தாருடன் ஓயாமல் பேசிவந்து, 1940-இல் கார் விபத்தில் இறந்த ஜான் குரோலி என்ற பாதிரியாரின் பெயரால் அது குரோலி ஏரி என்றே அழைக்கப்படுகிறது.